நரம்பு என்ற ஒரே சொல்: நாரி நோவின் பழைய வழக்கு

தம்பலகாமத்து வயல்வெளியில் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆளிடம் உடம்பு எப்படி என்று கேட்டால், பதிலில் 'நரம்பு' வராமல் இருக்காது. நாரியில நரம்பு கொழுவிட்டு. கழுத்து நரம்பு இழுத்துப் பிடிச்சிட்டு. பின்தொடை நரம்பு சுருண்டு கிடக்கு. காலில் புடைத்து நிற்கின்ற நீல நாளமும் நரம்புதான். கையைப் பொத்தும்போது மணிக்கட்டில் துருத்துகின்ற வெள்ளைக் கயிறும் நரம்புதான். முழங்கையில் அடிபட்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் போல ஓடுகின்றதே, அதுவும் நரம்புதான். விஞ்ஞானப் பிரிவில் படிக்கின்ற பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரத்த நாளம் வேறு, தசைநாண் வேறு, நரம்பு வேறு, இவை எல்லாவற்றையும் போர்த்தியும் கட்டியும் நிற்கின்ற தொடுப்பிழையம் வேறு என்று திருத்துவார்கள்.

திருத்துவது சரி. சிரிப்பதற்கு முன்னர் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்வது நல்லது. இதே ஒற்றைச் சொல்லோடுதான் கிரேக்கர்களும் அரபியரும் மருத்துவத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் பின்னர் சொற்களைப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்த கையோடு ஒரு தீர்ப்பும் எழுதினார்கள்: உடம்பைக் கட்டி நிற்கின்ற இழைக்கு உணர்ச்சி இல்லை, ஆகவே அது நோகாது. அந்தத் தீர்ப்பு பக்தாத், புகாரா, ஐரோப்பா என்று ஊர் ஊராய்ப் போய் ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடம் செல்லுபடியானது. நாரி நோகுது என்று சொன்ன உழைப்பாளிக்கு நோவு இருக்கின்ற இடத்தைக் காட்டிக்கொடுக்க வைத்திய நூலால் முடியாமல் போனதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். அந்த வழக்கைத்தான் இங்கே விரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் பொருள் எது என்று தெரியவேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா மாட்டை உரிக்கின்ற இடத்தில் நின்றவர்களுக்கு நான் பெரிதாக விளக்கத் தேவையில்லை. தோலுக்கும் இறைச்சிக்கும் இடையில் ஈரமாக, சிலந்தி வலை போல ஒரு வெள்ளைப் படலம் வரும். கத்தி பட்டதும் விலகிவிடும். அதற்குக் கீழே இறைச்சிக்கு உறைபோட்ட மாதிரி மினுங்குகின்ற சவ்வு. ஒவ்வொரு தசைக்கும் தனி உறை. உறைக்குள்ளே போனால் தசையைக் கட்டுக்கட்டாகப் பிரித்து இன்னும் மெல்லிய உறைகள். தசை முடிகின்ற இடத்தில் இந்த உறைகள் எல்லாம் கூடித் திரண்டு கயிறாகி எலும்பில் போய் ஒட்டும்; அதுதான் தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது மூட்டுக்கட்டு. நாரிப் பக்கம் வந்தால், முள்ளந்தண்டின் இருபுறமும் சிப்பியின் உட்புறம் போலப் பளபளக்கின்ற ஒரு தடித்த தகடு கிடக்கும். கத்தி பிடிக்கின்றவர் அதைச் சீவிக் காகத்துக்கு எறிவார். மனித உடம்பை அறுத்துப் படித்த வைத்தியக் கல்லூரிகளிலும் நெடுங்காலம் நடந்தது அதேதான். தசையைத் துப்புரவாகக் காட்டுவதற்காக மேலே கிடக்கின்ற வெள்ளையைச் சுரண்டி வாளியில் போட்டார்கள். ஃபேஷியா என்று இன்று உலகமெல்லாம் பேசுகின்றார்களே, அது அந்த வாளிக்குள் போன பொருள்.

இவற்றுக்கெல்லாம் நார் ஒன்றே. கொலாஜன் என்பார்கள்; பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். மாட்டுக்கால் சூப்பை ஆறவிட்டால் கட்டியாகின்றதல்லவா, அது இந்த நார் வெந்து கரைந்த பசை. நாருக்கு இடையில் நீரும், உறைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போவதற்கு ஹயலுரோனன் என்ற வழுவழுப்பான பொருளும் உண்டு. 1934இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் அதை முதலில் பிரித்தெடுத்தது மாட்டுக் கண்ணில் இருந்து. குனிந்து நிமிரும்போது தசை சுருங்கி விரிவதோடு வேலை முடிவதில்லை. இந்த உறைகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு வழுக்கவும் வேண்டும். வழுக்கல் குறைகின்றபோது நாம் 'விறைச்சிப் போச்சு' என்கிறோம்.

இனிச் சொல்லுக்கு வருவோம். நரம்பு என்பது பழந்தமிழில் யாழின் தந்தியும்தான். தசைநாண் என்ற இன்றைய கலைச்சொல்லில் உள்ள நாண் வில்லின் கயிறு. கிரேக்கத்தில் நியூரோன் என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் தசைநாண். அதே குடும்பத்து நியூரா என்பது வில்லின் நாண். அரபியில் வதர் என்றால் வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி, உடம்பின் தசைநாண் மூன்றும். மூன்று மொழிக்காரரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. மாட்டின் தசைநாணையும் ஆட்டின் குடலையும் திரித்து வில்லிலும் யாழிலும் கட்டிய கைகள் எல்லா ஊரிலும் இருந்தன. பொருள் ஒன்றாக இருந்ததால் பெயரும் ஒன்றாயிற்று என்றே நான் கருதுகிறேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ், எரசிஸ்திராத்தஸ் என்ற இருவர் மனித உடலைத் திறந்து பார்த்தார்கள். மூளையில் இருந்து வருகின்ற இழையும் தசையைக் கட்டுகின்ற இழையும் வேறுவேறு என்று கண்டார்கள். அதன் பிறகுதான் கிரேக்கர்களுக்கு நரம்பு தனியாக நரம்பாயிற்று.

அரபியில் நரம்புக்கு நிலைத்த பெயர் அஸப். அதன் வேருக்குக் கட்டுதல், சுற்றுதல் என்று பொருள். தலையில் சுற்றுகின்ற துணி இஸாபா. சூரா யூஸுஃபில் யூஸுஃப் நபியின் சகோதரர்கள் தங்களைப் பற்றிச் சொல்கின்ற 'உஸ்பா', ஒன்றாய்க் கட்டுண்ட கூட்டம். இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த முகத்திமாவின் நடுத்தூணாகிய அஸபிய்யாவும் இதே வேரில் பிறந்தது. நம்முடைய எழுத்தாளர்கள் அஸபிய்யாவை 'இனப்பற்று' என்று பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு தசைநாண் முறுக்கிக் கிடப்பதை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

சரி, தீர்ப்பு எப்படி வந்தது?

9ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) என்ற கிறிஸ்தவ அறிஞர், காலன் என்ற கிரேக்க வைத்தியரின் நூல்களைச் சுரியானிக்கும் அரபிக்கும் கொண்டுவந்தார். தானும் மற்றவர்களும் பெயர்த்த காலனின் நூல்கள் 129ஐ வரிசைப்படுத்தி ஒரு கடிதமே எழுதி வைத்திருக்கின்றார். காலன் மூன்று இழைகளைப் பிரித்திருந்தார்: மூளையிலும் முதுகுத் தண்டிலும் பிறக்கின்ற நரம்பு, எலும்பில் பிறக்கின்ற கட்டு, இரண்டும் தசையும் கலந்து உண்டாகின்ற நாண். அரபியில் இவை அஸப், ரிபாத், வதர் என்று நிலைபெற்றன. சவ்வுக்கு ஃகிஷா என்று பெயர்.

இப்னு ஸீனா (980–1037) அல்-கானூன் ஃபித் திப்பின் முதற் புத்தகத்தில் இவற்றை 'எளிய உறுப்புகள்' என்ற வரிசையில் வைத்தார். எலும்பு, குருத்தெலும்பு, நரம்பு, நாண், கட்டு, நாடி, நாளம், சவ்வு, கடைசியாக இறைச்சி. இறைச்சியைக் கடைசியில் போட்டதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: மற்ற உறுப்புகளுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தை நிரப்பி அவற்றுக்குத் தாங்கலாக இருப்பது இறைச்சி. அதாவது கட்டும் நாணும் சவ்வும் வீட்டின் வளையும் கைமரமும். இறைச்சி சுவருக்கு அப்பிய மண். தசையே உடம்பு, மிச்சமெல்லாம் சுற்றிய காகிதம் என்று நினைக்கின்ற இன்றைய உடற்பயிற்சிக்கூடத்துக்கு இது நேர் எதிர்.

அதே இடத்தில்தான் அந்தத் தீர்ப்பும் இருக்கின்றது. எலும்பையும் எலும்பையும் பிணைக்கின்ற கட்டுகளுக்கு உணர்ச்சி இல்லை. ஓயாத அசைவாலும் உராய்வாலும் அவை நோகாமல் இருப்பதற்காகவே அப்படிப் படைக்கப்பட்டுள்ளன என்று எழுதினார். நல்ல நியாயம். ஒவ்வோர் உறுப்பிலும் படைப்பின் காரணத்தைத் தேடுகின்ற மனத்துக்கு இதைவிட அழகான விளக்கம் கிடைக்காது. ஆனால் அழகாக இருப்பது உண்மையாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் காரணத்தில் இருந்து உண்மைக்குப் போனார். உடம்பில் இருந்து உண்மைக்குப் போகவில்லை.

இப்படிச் சொல்வதை இப்னு ஸீனாவுக்கு அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நூலைவிடக் கண்ணை நம்பு என்று சொன்னவர்களும் அதே மரபில்தான் இருந்தார்கள். 1200ஐ ஒட்டி எகிப்தில் கொடும் பஞ்சம் வந்தபோது அங்கே இருந்த அப்துல் லதீப் அல்-பக்தாதி, அல்-மக்ஸ் என்ற இடத்தில் குவிந்து கிடந்த எலும்புகளைப் போய்ப் பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று காலன் எழுதியிருந்தார். அல்-பக்தாதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளைப் பார்த்துவிட்டு, ஒரே எலும்புதான், பொருத்து இல்லை என்று எழுதினார். காலன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் புலன் சொல்வது அவரைவிட உறுதியான சாட்சி என்பது அவருடைய நிலை. தாடையைப் பார்த்த கண் மூட்டுக்கட்டுக்கும் கிடைத்திருந்தால் கதை வேறு. ஆனால் எலும்புக் குவியலில் கட்டு மிஞ்சுவதில்லை. எலும்புக்கு முன்னர் அழுகிப் போய்விடுவதுதானே அது. கானூன் 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனா ஜெரார்டின் கையால் லத்தீனுக்குப் போய், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டு பாடப்புத்தகமாக இருந்தது.

நம் பக்கத்து மருத்துவம் என்ன சொன்னது என்று கேட்கலாம். சுசுருதர் சம்ஹிதையில் ஸ்நாயு என்ற பெயரில் இந்த இழைகளைப் பற்றி விரிவாக உண்டு. எண்ணிக்கை 900 என்று கணக்கும் உண்டு. கணக்கை விடுங்கள், உவமைதான் முக்கியம். பலகைகளைப் பல கயிறுகளால் இறுகக் கட்டிய ஓடம் எப்படித் தண்ணீரில் பாரம் சுமக்கின்றதோ, அப்படி மூட்டுகள் ஸ்நாயுவால் கட்டப்பட்டிருப்பதால்தான் மனிதன் பாரம் தாங்குகிறான் என்கிறார். எலும்பு, தசை, நாளம், மூட்டு எது கெட்டாலும் வருகின்ற கேட்டைவிட ஸ்நாயு கெட்டால் வருகின்ற கேடு பெரிது என்றும் சொல்கிறார். இந்த நூல் பக்தாதுக்குப் புதிதும் இல்லை. யஹ்யா இப்னு காலித் அல்-பர்மகியின் கட்டளைப்படி மங்கா என்ற இந்திய வைத்தியர் அதை விளக்கிக் கொடுத்தார் என்று இப்னு நதீமின் ஃபிஹ்ரிஸ்த்தில் பதிவு இருக்கின்றது.

அந்த ஓடம் எது என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த கப்பலில்தான் அரபு வணிகர்கள் இந்தக் கடலைத் தாண்டினார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, மாலைதீவைப் பற்றி எழுதுகின்ற இடத்தில் தென்னந்தும்புக் கயிற்றைப் பற்றி ஒரு குறிப்பு வைத்திருக்கின்றார்: இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். மூட்டுக்கட்டு என்ன வேலை செய்கின்றது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாசகம் எந்த வைத்திய நூலிலும் நான் பார்த்ததில்லை. எழுதியவர் காழி, வைத்தியர் இல்லை.

இனி ஐரோப்பா. 1752இல் கெட்டிங்கன் நகரில் அல்பிரெக்ட் ஃபொன் ஹாலர் விலங்குகளில் நடத்திய சோதனைகளை அறிவித்தார். நாணைக் குத்தினார், வெட்டினார், சுட்டார், அமிலம் விட்டார். விலங்கு அசையவில்லை. நாணுக்கும் கட்டுக்கும் உணர்ச்சி இல்லை என்று பழைய தீர்ப்புக்குப் புதுச் சாட்சி கிடைத்தது. இந்த முறை சாட்சி கத்தி என்பதால் மறுப்பதும் கடினம். அரை நூற்றாண்டு கழித்து, 1800ஐ ஒட்டி, பாரிஸில் ஸவியே பிஷா என்ற இளைஞர் அதே சோதனையைச் செய்தார். உடம்பை உறுப்புகளாகப் பார்ப்பதை விட்டு இழையங்களாகப் பார்க்கவேண்டும் என்று சொன்னவர் அவர். முப்பது வயதில் இறந்தும் போனார். நாயின் மூட்டுக்கட்டை வெட்டினார், அமிலம் விட்டார். ஹாலர் சொன்னது சரி, நாய் பேசாமல் இருந்தது. பிறகு அதே கட்டை இழுத்து முறுக்கினார். நாய் துடித்தது.

இந்த வரலாற்றில் எனக்குப் பெரிய இடம் இதுதான். கட்டுக்கு உணர்ச்சி உண்டு. ஆனால் அது எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. தன்னுடைய வேலை சம்பந்தப்பட்ட கேள்விக்குத்தான் சொல்லும். கயிற்றின் வேலை இழுபடுவது. ஹாலர் அதைக் குத்தியும் சுட்டும் கேட்டார், பிஷா இழுத்துக் கேட்டார்.

ஒரு நாயின் துடிப்பால் தீர்ப்பு உடனே மாறிவிடவில்லை. 1904இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ், நாரிப் பிடிப்பு தசைக்குள் இருக்கின்ற நார் இழையத்தின் அழற்சி என்று ஒரு பெயர் வைத்தார். அழற்சியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அது அகப்படவில்லை. பெயர் மட்டும் அரை நூற்றாண்டு ஓடியது. உண்மையான திருப்பம் 1938, 1939இல் வந்தது. யோனாஸ் கெல்கிரென் என்ற இளம் வைத்தியர் மனிதர்களின் தசையிலும் உறையிலும் நாணிலும் கட்டிலும் சிறிதளவு கடும் உப்பு நீரை ஊசியால் ஏற்றி, எங்கே நோகின்றது என்று கேட்டு எழுதினார். தசைக்குள் ஏற்றினால் நோவு பரவியது. தூர இடத்தில் போய் நின்றது. இடத்தைச் சரியாகக் காட்ட முடியவில்லை. முள்ளந்தண்டுக்குப் பக்கத்துக் கட்டில் ஏற்றினாலும் அப்படியே. நாரியில் குத்தினால் தொடையில் நொந்தது. தோலுக்குக் கிட்ட உள்ள உறையிலும் நாணிலும் ஏற்றினால் நோவு கூர்மையாக, குத்திய இடத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகு உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2007இல் பொஸ்டனில் ஃபேஷியாவுக்கென்றே முதலாவது சர்வதேச ஆய்வு மாநாடு நடந்தது. நாரித் தகட்டில் நோவை உணர்கின்ற நரம்பு முனைகள் உண்டு என்று நுணுக்குக்காட்டியில் காட்டினார்கள். 2011இல் ஹெலன் லாஞ்சவனும் கூட்டாளிகளும் 121 பேரின் நாரியை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். நீண்டநாள் நாரி நோவு உள்ளவர்களுக்கு அந்தத் தகட்டின் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது மற்றவர்களைவிட ஏறக்குறைய 20 வீதம் குறைவு. வழுக்கல் குறைந்ததால் நோவு வந்ததா, நோவுக்குப் பயந்து அசையாமல் இருந்ததால் வழுக்கல் குறைந்ததா என்று அந்த ஆய்வை வைத்துத் தீர்த்துச் சொல்ல ஏலாது. ஆனால் ஒன்று: காகத்துக்கு எறிந்த தகடு வழக்குக்குள் வந்துவிட்டது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு எங்கள் வயலைப் பார்த்தால் பழைய காட்சிக்குப் புதுப் பொருள் வருகின்றது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கின்ற இந்த வெளியில் தமிழரும் முஸ்லிம்களும் வரப்புக்கு வரப்பு அயலவர்கள். வெட்டு மெசின் வரும்வரை இங்கே வெள்ளாமை என்றால் குனிவுதான். களை பிடுங்குவது குனிவு. தாக்கத்தியால் வெட்டுவது குனிவு. வெட்டிய உப்பட்டியை அள்ளிக் கட்டுவது குனிவு. கதிர் பொறுக்குவதும் குனிவு. அது பெண்களுடையதும் பிள்ளைகளுடையதும்.

குனிந்து நிற்கின்ற ஆளின் நாரியில் என்ன நடக்கின்றது? 1950களில் லண்டனில் ஃபிளொய்ட், சில்வர் என்ற இருவர் முதுகுத் தசையின் மின்னோட்டத்தை அளந்து பார்த்தார்கள். குனியத் தொடங்கும்போது தசை கடுமையாக வேலை செய்கின்றது. ஆனால் முழுதாகக் குனிந்து தொங்கியதும் தசை அடங்கிப் போகின்றது. அப்படியானால் மேலுடம்பின் பாரத்தை யார் பிடிக்கிறார்? கட்டும் தகடும்தான். சுசுருதரின் ஓடக் கயிறு. தசை ஓய்வெடுக்கும்போது கயிறு காவல் நிற்கின்றது. கயிறாக இருப்பதால் நேரம் போகப்போக அது மெல்ல நீளும். கனடாவில் நடந்த ஒரு சோதனையில், இருபது நிமிடம் குனிந்து உட்கார்ந்தவர்களுக்கு நீண்டதில் பாதி இரண்டு நிமிடத்தில் மீண்டது. அரை மணி நேரம் போன பின்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தோடு ஒரு மூட்டையைத் தூக்கினால் தளர்ந்த கயிற்றில் பாரம் ஏறுகின்றது.

வெட்டுக்குப் போன ஆட்கள் இதை ஆய்வுகூடத்தில் படிக்கவில்லை. ஒரு வரவை வெட்டி வரம்புக்கு வந்தால் கையை நாரியில் ஊன்றிப் பின்னால் வளைந்து கொஞ்ச நேரம் நிற்பார்கள். தண்ணி குடித்து, வெற்றிலை போட்டு, கதை பேசி, அதன் பிறகுதான் கட்டுத் தூக்குவது. 'குனிஞ்ச நாரியோட தூக்காத' என்று வாப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சோம்பல் என்று போடிமார் சிலர் ஏசியதும் உண்டு. இப்போது மெசின் வந்து கிழமைக் கணக்கு வேலையை மணிக்கணக்கில் முடிக்கின்றது. குனிவு போனது, நாரி நோவு போகவில்லை. உழவு மெசினிலும் முச்சக்கர வண்டியிலும் கடைக் கதிரையிலும் கூனிக் குந்தியிருப்பதும் அந்தத் தகட்டுக்கு ஒரு வகைக் குனிவுதான். வெட்டு ஆளுக்காவது ஒவ்வொரு வரவு முடியவும் நிமிர ஒரு வரம்பு இருந்தது.

நோவோடு போன ஆட்களுக்கு என்ன கிடைத்தது? உம்மாவுக்கு நாரி பிடித்த காலத்தில் ஓரிடத்தில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, 'எலும்பில ஒண்டுமில்ல, வயசு' என்று அனுப்பினார்கள். படத்தில் எலும்பு தெரியும், தகடு தெரியாது. பிறகு பரிசாரியார் வந்தார். எண்ணெய் காய்ச்சி, சூடு காட்டி, கட்டைவிரலால் நாரியின் இரு பக்கமும் நெடுக வழித்து, 'நரம்பு ஏறிக் கிடக்கு' என்றார். பெயர் பிழைதான். கை போன இடம் பிழையில்லை.

இந்தக் கைகளுக்கும் வரலாறு உண்டு. கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்த கோபால முஸ்லிம் குடும்பத்தைப் பற்றி லோனா தேவராஜா 1994இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கின்றார். 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் பாடமாயிற்று; 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த வைத்தியம் படிப்பிக்கின்றார்கள். ஆனால் முறிவு நெரிவு பார்க்கின்ற கிராமத்துக் கைகளின் அறிவு இந்தக் கட்டடங்களுக்கு வெளியில்தான் பெரும்பாலும் கிடந்தது. பாதி ஆளோடு போய்விட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஃபேஷியா என்ற பெயர் பிரபலமானதும் அதை 'இளக்கித் தருகிறோம்', 'ஒட்டைப் பிரித்துத் தருகிறோம்' என்று காசு வாங்குகின்றவர்கள் எல்லா ஊரிலும் முளைத்துவிட்டார்கள். தொடையின் வெளிப்பக்கத்துத் தகட்டையும் உள்ளங்கால் தகட்டையும் கையால் அழுத்தி நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்று 2008இல் கணக்குப் பார்த்தார்கள். மனிதக் கையால் கொடுக்கக்கூடியதைவிட மிக அதிகம் என்று வந்தது. வழித்தால் ஆறுதல் வருவது பொய்யில்லை. அது சூட்டினாலும், உறைகள் வழுக்குவதாலும், நரம்பு முனைகள் அமைதிப்படுவதாலும் வருவதாக இருக்கலாம். கயிற்றை நீட்டிவிட்டேன் என்பது வியாபாரப் பேச்சு.

தொழுகையை உடற்பயிற்சி என்று படம் போட்டு விளக்குகின்ற கட்டுரைகளிலும் எனக்கு விருப்பம் இல்லை. இபாதத்துக்கு அப்படி ஒரு சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வரலாறு பார்க்கின்ற கண்ணுக்கு ஒன்று படுகின்றது. எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல்களில் பிளாஸ்டிக் கதிரை வரிசை வருடத்துக்கு வருடம் நீள்கின்றது. ஏலாதவருக்கு இருந்து தொழச் சலுகை உண்டு. மூலநோயோடு வந்து கேட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன பதில் ஸஹீஹுல் புகாரியில் இருக்கின்றது. அதில் பேச்சில்லை. நான் பார்ப்பது வேறு. கதிரையில் இருக்கின்றவர்களில் வெட்டுக்குப் போன தலைமுறை குறைவு. பாயில் குந்தி, திண்ணையில் சப்பாணி கட்டி, கிணற்றடியில் குந்தி வளர்ந்த எண்பது வயதுக்காரர்கள் சிலர் இன்னும் ஸஜ்தாவில் இருந்து கையூன்றாமல் எழும்புகின்றார்கள். பக்கத்துக் கதிரையில் ஐம்பது வயது மகன். வீட்டுக்குள் கதிரையும் மேசையும் கொமட்டும் வந்த காலத்தை யாராவது வருடம் போட்டு எழுதி வைத்தால், அது நாரியின் வரலாற்றில் ஒரு முக்கிய ஆவணம்.

எழுதி வைக்கவேண்டியது இன்னொன்றும் இருக்கின்றது. 1975இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் நோவை அளக்க ஒரு வினாக்கொத்து வெளியிட்டார். நோயாளர்கள் தங்கள் நோவைச் சொல்கின்ற சொற்களைத் திரட்டி, இனம் பிரித்து, அவற்றையே அளவுகோலாக்கினார். இழைக்கு நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கின்றது; நோவுக்கு அப்படி இல்லை. உளைவு, கடுப்பு, குத்து, பிடிப்பு, விறைப்பு, இழுப்பு, எரிவு, தெறிப்பு. தம்பலகாமம், முள்ளிப்பொத்தானைப் பக்கங்களில் இவை இன்னும் உயிரோடு கிடக்கின்றன. வயதான பெண்களிடம் கேட்டால் ஒன்றுக்கு மற்றதைப் போடவே மாட்டார்கள். களை பிடுங்கியே காலம் போன ஒரு மூத்தம்மாவிடம் உளைவுக்கும் குத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்து நாரி முழுக்கத் தடவிக் காட்டி, "இது உளைவு மகன், இடம் சொல்ல ஏலா" என்றார். பிறகு ஒரு விரலை மடக்காமல் நீட்டி, முள்ளந்தண்டுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் வைத்து, "இது குத்து" என்றார்.